இணையம் வராத மேசைக்கணனி: பழுதை எங்கே தேடுவது?

வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றவுடன் எந்தக் கமக்காரரும் குளக்கட்டை வெட்டப் போவதில்லை. தமது வரம்படியில் தொடங்கி வாய்க்கால் வழியே நடப்பார்; எங்கே அடைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே துருசு வரை போவார். மேசைக்கணனியில் இணையம் நின்றுபோனால் செய்ய வேண்டியதும் இதுதான். ஆனால் எமது சங்கக் கட்டடங்களிலும் கற்கை நிலையங்களிலும் நடப்பது வேறு. கணனியை முச்சக்கர வண்டியில் ஏற்றி நகரத்துக்கு அனுப்புகிறோம். அது 'போமற்' செய்யப்பட்டுத் திரும்புகிறது. சங்கத்தின் கணக்குகள் அதனோடு அழிந்துபோகின்றன. கொண்டுவந்து பூட்டினால் இணையம் அப்போதும் வராதிருப்பதுண்டு, ஏனெனில் பழுது றவுட்டரிலோ வயரிலோ இருந்திருக்கும். இதற்கிடையில் பல்கலைக்கழக அனுமதிக்கு இணையவழியில் விண்ணப்பிக்க வந்த பிள்ளைக்கு முடிவுத் திகதி கடந்துவிடுகிறது.

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள, வயர் மூலம் றவுட்டருடன் இணைக்கப்பட்ட ஒரு மேசைக்கணனியை இங்கு எடுத்துக்கொள்வோம். தொடங்குமுன் ஒரு கொப்பியையும் பேனாவையும் பக்கத்தில் வையுங்கள். எதை மாற்றுவதானாலும் முதலில் அங்கே இருப்பதை எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பயனில்லாவிட்டால் முன்பிருந்தபடியே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றுகிறவர், இணையம் வந்தாலும் எதனால் வந்தது என்று அறியமாட்டார்.

முதலில், அதே றவுட்டரின் வைபையில் ஒரு கைத்தொலைபேசியை இணைத்துப் பாருங்கள். தொலைபேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட்டே இதைச் செய்ய வேண்டும். இல்லையேல் அது தன் வழியாலேயே இணையத்தை எடுத்து எம்மை ஏமாற்றும். தொலைபேசிக்கும் வராவிட்டால் கணனியைத் தொட வேண்டாம். டேட்டா முடிந்திருக்கலாம், கட்டணம் கட்டாதிருக்கலாம், வெளி இணைப்பு அறுந்திருக்கலாம். தொலைபேசிக்கு வந்து கணனிக்கு வராவிட்டால் மட்டுமே மேலே போவோம்.

கணனியின் பின்புறத்தில் வயர் செருகும் இடத்தில் சிறு விளக்குகள் இருக்கும். கணனி இயங்கும்போது அவை எரியாவிட்டால், திரையில் எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை. அந்த வயருக்குள் எட்டு மெல்லிய கம்பிகள் நான்கு சோடியாக முறுக்கப்பட்டிருக்கின்றன. எலி கடித்தாலும், கதிரைக் கால் நசித்தாலும், முனையிலுள்ள சிறு பிளாஸ்ரிக் நாக்கு முறிந்து செருகி தளர்ந்தாலும் தொடர்பு போய்விடும். வேறொரு வயரைப் போட்டுப் பாருங்கள். றவுட்டரின் வேறு துளையிலும் செருகிப் பாருங்கள். அடுத்த கட்டடத்துக்கு வயர் இழுத்திருப்போர் அதன் நீளம் 100 மீற்றருக்கு மேற்படலாகாது என்பதையும் கவனிக்க வேண்டும்.

விளக்கு எரிகிறது, இணையம் இல்லை என்றால் அமைப்புகளைப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. விசைப்பலகையில் விண்டோஸ் விசையை அழுத்திக்கொண்டு ஆர் விசையைத் தட்டுங்கள். வரும் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று எழுத்துகளை இட்டு என்ரர் கொடுத்தால் ஒரு கறுப்புத் திரை திறக்கும். அதில் 'ஐபிகொன்பிக்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டுங்கள். வருவனவற்றுள் ஈதர்நெற் என்ற தலைப்பின் கீழுள்ள இரண்டு வரிகள் எமக்குப் போதும். ஒன்று ஐபிவி4 முகவரி, அதாவது இக்கணனியின் விலாசம். மற்றது டிபோல்ற் கேற்வே, அதாவது றவுட்டரின் விலாசம். வெளியே போகும் படலை என்று வைத்துக்கொள்ளலாம்.

கணனியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், அது றவுட்டரிடம் விலாசம் கேட்டு, பதில் கிடைக்காமல், தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அந்த விலாசத்தோடு வெளியே போக முடியாது. றவுட்டரின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து மீண்டும் போடுங்கள். அது முழுமையாக எழும்பிய பின் கணனியையும் நிறுத்தித் திரும்ப இயக்குங்கள். அநேக சந்தர்ப்பங்களில் இத்தோடு சரியாகிவிடும்.

அடுத்தது எமது பகுதிகளில் அடிக்கடி காணும் பழுது. சற்று விரிவாகவே பார்ப்போம். முன்பு தொலைபேசிக் கம்பி வழியாக இணையம் பெற்ற இடங்கள் பல இன்று 4ஜி றவுட்டருக்கு மாறியுள்ளன. பழைய றவுட்டரின் விலாசம் பெரும்பாலும் 192.168.1.1. புதிய 4ஜி றவுட்டர்கள் பலவற்றில் அது 192.168.8.1. கணனி தானாக விலாசம் கேட்டுப் பெறும்படி இருந்தால் இந்த மாற்றத்தை நாம் அறியவே மாட்டோம். ஆனால் பொதுப் பிரின்ரருக்காகவோ வேறு தேவைக்காகவோ யாரோ ஒருவர் முன்னொரு நாள் 192.168.1.20 என்று கையால் எழுதி வைத்திருப்பார். அன்று அது சரியே. இன்று கணனி பழைய தெருவின் விலாசத்தோடு புதிய தெருவில் நின்று, இல்லாத படலையைத் தட்டிக்கொண்டிருக்கிறது. விளக்கு எரியும், தொலைபேசிக்கு இணையம் வரும், கணனிக்கு மட்டும் வராது. இந்த இடத்தில்தான் கணனியைப் 'போமற்' செய்யச் சொல்லுவார்கள்.

இதைச் சரிசெய்ய, மீண்டும் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தி என், சி, பி, ஏ, ஒரு புள்ளி, சி, பி, எல் என்று தட்டுங்கள். வரும் ஈதர்நெற் படத்தின் மீது சுட்டியின் வலது பொத்தானை அழுத்தி, புரொப்பற்றீஸ் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதிலுள்ள பட்டியலில் இன்ரநெற் புரோட்டோக்கோல் வேர்ஷன் 4 என்பதை இருமுறை அழுத்துங்கள். எண்கள் எழுதப்பட்டிருந்தால் அத்தனையையும் கொப்பியில் எழுதிவிட்டு, தானாகப் பெறும்படி சொல்லும் 'ஒட்டோமற்றிக்கலி' என்ற இரண்டு தெரிவுகளையும் குறித்து ஓகே கொடுங்கள். பிரின்ரருக்கும் பழைய விலாசம் எழுதப்பட்டிருந்தால் அதையும் மாற்ற நேரிடும்.

விலாசம் சரியாக இருந்தும் இணையம் வராவிட்டால் 'பிங்' கட்டளை உதவும். இது 1983ஆம் ஆண்டு மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சிறு நிரல். நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவியின் ஒலியை நினைத்து அப்பெயரை இட்டார். கறுப்புத் திரையில் பிங் என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கேற்வேயின் எண்ணை எழுதுங்கள். பதில் வந்தால் படலை வரை வழி உண்டு. அடுத்து பிங் 8.8.8.8 என்று கேளுங்கள். இது கூகுள் நிறுவனம் 2009 முதல் பொதுப் பாவனைக்கு வைத்திருக்கும் விலாசம். அங்கிருந்தும் பதில் வந்தால் வெளியுலகம் வரை வழி திறந்திருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: 'றிப்ளை' என்ற சொல்லைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. அதன் பின்னே உமது கணனியின் சொந்த எண்ணும், 'அன்றீச்சபிள்' என்ற சொல்லும் இருந்தால், எட்ட முடியவில்லை என்று கணனியே தனக்குச் சொல்லிக்கொள்கிறது. கீழே கணக்கில் அதுவும் கிடைத்த பதிலாகவே எண்ணப்படும். இதில் பழகியவர்களும் ஏமாறுவார்கள்.

8.8.8.8 பதில் தருகிறது, ஆனால் இணையத்தளம் ஒன்றின் பெயரைக் கொடுத்துப் பிங் செய்தால் அப்பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று வருகிறதா? பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில் பழுது. முன்பு திறந்த அதே பெட்டியின் கீழ்ப்பாதியில் டி.என்.எஸ். விலாசமாக 8.8.8.8 என்றும், இரண்டாவதாக 1.1.1.1 என்றும் எழுதலாம்.

எல்லாம் பதில் தந்தும் உலாவி மட்டும் திறக்காவிட்டால் இரண்டைப் பாருங்கள். புறொக்ஸி என்ற அமைப்பு தேவையின்றி இயக்கப்பட்டிருக்கலாம். செற்றிங்ஸில் நெற்வேர்க் பகுதியில் அதை நிறுத்தலாம். மற்றது திரையின் மூலையிலுள்ள திகதி. பழைய கணனியின் தாய்ப்பலகையில் ஒரு ரூபாய்க் குற்றி போன்ற சிறு பற்றரி உண்டு, சி.ஆர். 2032 என்பது அநேகமாக அதன் இலக்கம். அது தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டின் பின்னும் திகதி பல வருடங்கள் பின்னே போய்விடும். இணையத்தளங்கள் காட்டும் சான்றிதழ்களின் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று கணனி கருதி, இத்தொடர்பு பாதுகாப்பற்றது என மறுக்கும். திகதியைத் திருத்தி, பற்றரியை மாற்றினால் போதும்.

விண்டோஸில் 'நெற்வேர்க் றிசெற்' என்றொரு வசதியும் உண்டு. அது வலையமைப்பு அமைப்புகளை எல்லாம் துடைத்துவிடும். கணக்குக் கோப்புகளைத் தொடாது. கொப்பியில் எழுதி முடிக்காமல் அதை அழுத்த வேண்டாம்.

இடிமின்னல் கூடிய மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் வேறொரு பழுது வரும். மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாகவோ மின்கம்பி வழியாகவோ றவுட்டருக்குள் புகுந்து, வயர் ஊடாகக் கணனியின் வலையமைப்புத் துளையையும் எரித்துவிடும். கணனி வழமைபோல இயங்கும்; எந்த வயரைப் போட்டாலும் அந்த விளக்கு மட்டும் எரியாது. தாய்ப்பலகையை மாற்ற வேண்டும் என்று சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய வலையமைப்பு அடப்ரர் ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பாருங்கள். இணையம் வந்தால் அதையே வாங்கிப் பாவிக்கலாம். வானம் இருண்டு முழக்கம் கேட்டால் மின்செருகியையும் தொலைபேசிக் கம்பியையும் மட்டுமல்ல, கணனிக்கும் றவுட்டருக்கும் இடையிலுள்ள வயரையும் கழற்றி வையுங்கள்.