குடி நோயா, குற்றமா?



சயானில் நடந்த பஞ்சசீல வகுப்பில் அம்மையார் ஒருவர் நம்மை வினவினார்: "குடிப்பழக்கம் நோய் என்று டாக்டர் சொல்கிறார். நோயென்றால் என் கணவர்மேல் குற்றம் ஏது? குற்றமில்லையென்றால் ஐந்தாம் சீலம் எதற்கு ஐயா?" அன்று நாம் கூறிய விடை போதாது, ஆகவே எழுதுகின்றோம்.

அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிப்பழக்கத்தை நோயென்று 1956-ஆம் ஆண்டில் ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் அளித்த 22 உறுதிமொழிகளுள் மது அருந்தாமையும் ஒன்று. இவ்விரண்டும் முரணல்ல.

பகவான் சிகாலனுக்குக் குடியின் ஆறு கேடுகளை உரைத்தபொழுது பொருளிழப்பு, கலகம் இவற்றோடு நோயையும் வைத்தார். அது குடியால் வரும் நோய். குடியே நோயாவதைப் பிற்கால மருத்துவர் விளக்கினர். மது மூளையை மந்தப்படுத்தும். நாள்தோறும் குடித்தால், மந்தத்தை வெல்ல மூளை தன்னை முடுக்கிக்கொள்ளும். தடை போட்ட எந்திரத்தை விசை கூட்டி ஓட்டுவது போலாம். தடையைச் சட்டென எடுத்தால் எந்திரம் தறிகெட்டோடும். அங்ஙனமே, மது திடீரென நின்றால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் தோன்றும். சிலர் இறப்பதும் உண்டு.

நாம் இதை அறியாதிருந்தோம். முன்னொரு நாள், மில்லில் நம்மோடு உழைத்த தாராவித் தோழரைப் பலர் நடுவே கடிந்து, அன்றே குடியை விடுமாறு சத்தியம் செய்வித்தோம். அவர் சத்தியத்தைக் காத்தார். இரண்டாம் நாள் இரவு வலிப்புக் கண்டு வீழ்ந்தார். "நிறுத்தச் சொன்னீர்களே, முதலில் இங்கே அழைத்துவரக் கூடாதா?" என்றார் டாக்டர். தோழர் பிழைத்தார். அவர் மனைவி நெடுநாள் நம்மோடு பேசவில்லை.

சீலம் முதற் கோப்பைக்கு முன் நிற்கும் காவல். (பஞ்சுத்தூசிக்கு ஒரு கிளாஸ் மருந்து என்று இரவு ஷிப்டில் நமக்கும் சொன்னார்கள், தூசியும் போகாது, கூலிதான் போகும்.) காவலைக் கடந்து உள்ளே வீழ்ந்தவனுக்கு வசவு பயன்படாது, வைத்தியம் வேண்டும். ஆயினும் நீரிழிவுக்காரன் மருந்துண்பது அவன் கடமையன்றோ? சிகிச்சைக்குச் செல்வதும் குடித்தவன் கடமையே. மனைவியை அடித்த கைக்கு நோயைச் சாக்காகச் சொல்லுதல் ஆகாது.

அம்மையீர், உங்கள் கணவர் விடியலிலேயே கை நடுங்கிக் குடிப்பவராயின், தாமே நிறுத்த விடாதீர்கள். சயான் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு ஆள் இல்லையெனில் நாம் வருகின்றோம். சத்தியம் செய்விப்பதை, டாக்டர் அவரை வீட்டுக்கு அனுப்பிய பின் வைத்துக்கொள்வோம்.