ஆம்ப் போனால் சப்-வூஃபரே போய்விட்டதா?

கேள்வி:

பத்து வருடங்களுக்கு முன் வாங்கிய 10 அங்குல சப்-வூஃபர் ஒன்று வீட்டில் இருக்கிறது. ஏ.வி. ரிசீவரோடு இணைத்துப் படம் பார்ப்போம், பாட்டு கேட்போம். சில மாதங்களாக 'உர்ர்' என்று இரைந்துகொண்டிருந்தது. போன வாரம் கரண்ட் போய் வந்தபோது பின்பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது. ஃப்யூஸ் மாற்றினேன், போட்டவுடன் அதுவும் போய்விட்டது. கழற்றிப் பார்த்த மெக்கானிக், "ஆம்ப் போர்டு போயிடுச்சு, ஸ்பேர் கிடைக்காது, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். இணையத்தில் 300 வாட் பிளேட் ஆம்ப் ஒன்று பார்த்தேன். என்னுடையதில் 150 வாட் என்று போட்டிருக்கிறது. அதை வாங்கி மாட்டலாமா? பாக்ஸ் நல்ல கனம். எறிய மனம் வரவில்லை.

— வாசகர், கரூர்

பதில்:

எறியாதீர்கள். சப்-வூஃபரில் விலைமதிப்புள்ளவை அந்தக் கனமான பாக்ஸும் அதிலுள்ள ஸ்பீக்கரும்தான். அவை எளிதில் கெடுவதில்லை. ஆம்ப்பின் நிலை வேறு. அது அதே பாக்ஸுக்குள் காற்றோட்டமில்லாமல், சூட்டிலும் ஓயாத அதிர்விலும் வேலை செய்கிறது. அதனால் முதலில் போவது பெரும்பாலும் அதுதான். ஆனால் புது ஆம்ப்பை வாட்டைப் பார்த்து வாங்காமல், உங்கள் ஸ்பீக்கரையும் பாக்ஸையும் பார்த்து வாங்க வேண்டும்.

பணம் செலவழிக்கும் முன் ஸ்பீக்கர் பிழைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆம்ப்பின் அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால், டி.சி. மின்சாரம் நேராக ஸ்பீக்கர் காயிலில் பாய்ந்து அதைக் கருக்கிவிடக்கூடும். பிளக்கைப் பிடுங்கி, சிறிது நேரம் விட்டு, பின் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கண்டன்சர்களைத் தொடாதீர்கள். எஸ்.எம்.பி.எஸ். வகை ஆம்ப் என்றால், 230 வோல்ட் வீட்டு மின்சாரம் உள்ளே 320 வோல்ட்டுக்கு மேல் டி.சி.யாகத் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சிறிது நேரம் இருக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் இரண்டு ஒயரில் எது பிளஸ், எது மைனஸ் என்று குறித்துக்கொண்டு கழற்றிவிடுங்கள்.

இப்போது மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஸ்பீக்கரை அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் ஏறக்குறைய 3 முதல் 3.8 வரை காட்டும். 8 ஓம் என்றால் 5.5 முதல் 7 வரை. எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் ஷார்ட். அளவு சரியென்றால் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கரின் இரு முனைகளிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் 'தப்' என்று நகர வேண்டும். பிறகு இரு கைவிரல்களையும் விரித்து கோனை நேராக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் காயில் கருகி உப்பியிருக்கக்கூடும். கோனைச் சுற்றியுள்ள வளையம் நுரையாக இருந்து பொடிந்து போயிருந்தால் பயப்பட வேண்டாம், அதை மட்டும் மாற்றலாம். காயிலே போயிருந்தால் மெக்கானிக் சொன்னது சரி. புதிது வாங்குவதே மேல்.

ஸ்பீக்கர் நன்றாக இருந்தால், பழைய ஆம்ப்பைக் கண்டன்சர் மாற்றத் தெரிந்த இன்னொரு மெக்கானிக்கிடம் ஒருமுறை காட்டுங்கள். சிக்னல் கேபிளைக் கழற்றிய பிறகும் அந்த 'உர்ர்' இரைச்சல் கேட்டிருந்தால், பவர் சப்ளையின் ஃபில்டர் கண்டன்சர்கள் காய்ந்துகொண்டிருந்தன என்று நினைக்க இடமுண்டு. தலை உப்பிய கண்டன்சர், அதிர்வில் விட்டுப்போன டிரை சால்டர், போர்டில் பழுப்பாகிப் போன பசை ஆகிய மூன்றும் இந்த ஆம்ப்களில் வழக்கமான நோய்கள். இவை சரிசெய்யக் கூடியவை. ஆனால் உங்களுடையதில் புது ஃப்யூஸும் உடனே போயிருக்கிறது. ரெக்டிஃபயரோ அவுட்புட் டிரான்சிஸ்டரோ ஷார்ட் ஆகியிருக்கக்கூடும். போர்டின் செம்புத் தடங்கள் கருகாமல் இருந்தால் அதையும் மாற்றிப் பார்க்கலாம், கருகியிருந்தால் விட்டுவிடுங்கள். எந்த நிலையிலும் பெரிய ஃப்யூஸ் போட்டுப் பார்க்காதீர்கள். அது நெருப்பில் போய் முடியும்.

சரி, புது ஆம்ப்தான் என்று முடிவானால், நீங்கள் கேட்ட 300 வாட் கேள்விக்கு வருவோம். வாட் இரட்டிப்பானால் ஒலி கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது சிறிய வித்தியாசம். 150 வாட்டுக்கு அமைந்த ஸ்பீக்கருக்கு 150 முதல் 200 ஆர்.எம்.எஸ். வாட் தரும் ஆம்ப் தாராளம். அதைவிட முக்கியமானவை நான்கு.

முதலாவது ஓம். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் ஆம்ப்பும் 4 ஓமைத் தாங்க வேண்டும். 8 ஓமுக்கு மட்டும் ஆனதை மாட்டினால் சூடாகி அதுவும் போகும். ஸ்பீக்கர் 8 ஓம் என்றால், '4 ஓமில் 300 வாட்' என்று விற்கும் ஆம்ப் பாதியை ஒட்டித்தான் கொடுக்கும்.

இரண்டாவது வோல்டேஜ். வெளிநாட்டிலிருந்து வரும் சில பிளேட் ஆம்ப்கள் அமெரிக்காவின் 120 வோல்ட்டுக்கு மட்டும் ஆனவை. 230 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா, அல்லது 115/230 மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

மூன்றாவது துளையின் அளவு. தகட்டின் அளவு மட்டும் போதாது; பாக்ஸில் வெட்டியிருக்கும் துளையின் நீளம், அகலம், உள்ளே ஸ்பீக்கர் மேக்னெட் வரை உள்ள ஆழம் மூன்றையும் அளந்து பாருங்கள். துளை சிறியதென்றால் அறுத்துப் பெரிதாக்கலாம். பெரியதென்றால் ஒட்டுப்பலகையில் சட்டம் செய்து சிறிதாக்க வேண்டும்.

நான்காவதுதான் பலர் தவறவிடுவது. உங்கள் பாக்ஸில் காற்றுக்குழாய் இருக்கிறதா, முற்றிலும் மூடியதா? குழாய் வைத்த பாக்ஸில், குழாய் வேலை செய்யும் அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லாமல் போகிறது. அது அளவு மீறி ஆடி அடிபடும். கம்பெனி ஆம்ப்களில் பெரும்பாலும் இதற்கென்றே சப்சானிக் ஃபில்டர் இருக்கும். மூடிய பாக்ஸுக்கான சில பிளேட் ஆம்ப்களில், அதற்கு நேர்மாறாக, தாழ்ந்த ஒலியைத் தூக்கிவிடும் பூஸ்ட் இருக்கும். உங்களுடையது குழாய் வைத்த பாக்ஸாக இருந்து, அதில் இப்படிப்பட்ட ஆம்ப்பை மாட்டி 300 வாட்டும் கொடுத்தால், ஒரு சண்டைக் காட்சியிலேயே ஸ்பீக்கர் கிழியலாம். வாங்கும் முன் சப்சானிக் ஃபில்டர் உண்டா, பூஸ்ட் உண்டா என்று கேட்டுத் தெளியுங்கள்.

பொருத்தமான பிளேட் கிடைக்காவிட்டால் இன்னொரு நல்ல வழி இருக்கிறது: ஆம்ப்பை வெளியே வையுங்கள். துளையை 18 மில்லிமீட்டர் ஒட்டுப்பலகையால் மூடி, அதில் ஒரு ஸ்பீக்கர் டெர்மினல் போட்டுவிட்டால் போதும். உங்களிடம் ஏ.வி. ரிசீவர் இருப்பதால் அதன் சப்-வூஃபர் அவுட்புட்டில் ஏற்கெனவே ஃபில்டர் ஆன ஒலிதான் வருகிறது. நல்ல தனி ஆம்ப் ஒன்று அதை அப்படியே பெருக்கினால் போதும். சூடும் அதிர்வும் குறைவதால் ஆயுளும் கூடும். ஆனால் 24 வோல்ட் அடாப்டரில் ஓடும் சிறிய கிளாஸ்-டி போர்டுகளின் விளம்பர வாட்டை நம்ப வேண்டாம். 24 வோல்ட்டில், 4 ஓம் ஸ்பீக்கரில், சிதையாத ஒலியாக 72 வாட்டைத் தாண்டக் கணக்கே இடம் தராது.

மாட்டும்போது தகட்டைச் சுற்றி ஃபோம் டேப் ஒட்டி, காற்று கசியாமல் இறுக்குங்கள். கசிந்தால் 'புஸ்' சத்தமும் வரும், பாஸும் மெலியும். உள்ளே ஒயர்களைக் கட்டுங்கள், பாக்ஸுக்குள் பஞ்சு இருந்தால் அது ஹீட்சிங்கைத் தொடக் கூடாது. டிரான்ஸ்பார்மர் வகை ஆம்ப் என்றால் முதல் தடவை சீரிஸ் போர்டில் குண்டு பல்ப் போட்டு ஆன் செய்ய மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். பல்ப் ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் உடனே நிறுத்துங்கள்.

கடைசியாக, ரிசீவரில் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்து, ஆம்ப்பின் கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள். வழக்கமாக உட்காரும் இடத்தில் இருந்தபடி, தெரிந்த பாட்டு ஒன்றைப் போட்டு, வீட்டில் ஒருவரை ஆம்ப்பின் ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றச் சொல்லுங்கள். எதில் பாஸ் நிறைந்து கேட்கிறதோ அதிலேயே விடுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் கேபிள் டி.வி. ஒயரைக் கழற்றிப் பாருங்கள். பல வீடுகளில் ஹம் அந்த வழியாகத்தான் நுழைகிறது. அதற்காக எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். அது உங்கள் உயிருக்கான காவல்.

இன்று மாலையே ஸ்பீக்கரை அளந்துவிடுங்கள். அளவு சரியாக வந்து, கோனும் உரசாமல் நகர்ந்தால், உங்கள் சப்-வூஃபருக்கு இன்னும் பல வருட ஆயுள் இருக்கிறது.