மகப்பேற்று உதவித் தொகையும் குழந்தையின் ஊட்டமும்

ஏழைக் குடும்பங்களுக்குப் பணமாக அளிக்கப்படும் உதவி குழந்தைகளின் ஊட்டத்தைப் பெருக்குமா என்ற வினா எழும்போது, தொகையின் அளவே பெரிதும் பேசப்படுகிறது. அது எந்த மாதத்தில் தாயின் கைக்கு வந்து சேர்கிறது என்பதும் அதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. 2017 ஜனவரி முதல் மத்திய அரசு செயற்படுத்திய பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டம் இதற்குத் தக்க சான்றாகும்.

முதற் குழந்தைக்கு ரூ.5,000 வழங்குவது இத்திட்டம். கூலி இழப்பை ஓரளவு ஈடுசெய்து, தாய் ஓய்வு பெறவும் தாய்ப்பால் ஊட்டவும் வழிசெய்வதே இதன் நோக்கம். 2017-18இல் பீகாரில் ஊரக வேலை உறுதித் திட்டக் கூலி நாளொன்றுக்கு ரூ.168. அக்கணக்கில் இத்தொகை முப்பது நாள் கூலிக்கும் சற்றுக் குறைவு. அதே 2017இல்தான் அமைப்புசார்ந்த பணிகளில் உள்ள பெண்களுக்கு மகப்பேற்று விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. (நாற்று நடும் பெண்ணின் உடலுக்குக் குறைந்த ஓய்வே போதும் என எந்த மருத்துவரும் கூறியதில்லை.)

இனித் தவணைகளை நோக்குவோம். கடைசித் தவணை, பிறப்புப் பதிவும் முதற்சுற்றுத் தடுப்பூசிகளும் முடிந்தபின் கிடைக்கிறது. அச்சுற்று பதினான்காம் வாரத்தில் நிறைவுறும். குழந்தைக்கு இணை உணவு தொடங்குவதோ ஆறாம் மாதத்தில். முட்டை, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்குப் பணம் தேவைப்படும் வேளையில், காலத்தே வந்த தவணையும் பெரும்பாலும் செலவாகியிருக்கும். 6 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரே என்று 2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வு காட்டியது. ஒடிசா அரசு 2011இல் தொடங்கிய 'மமதா' திட்டமோ கடைசித் தவணையை ஒன்பதாம் மாதத்திற்கு வைத்திருந்தது. முதல் இரு குழந்தைகளுக்கும் உதவி அளித்தது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், அரசு ஊழியர் போன்றோர் நீங்கலாக, கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் ரூ.6,000க்குக் குறையாத உதவியை உறுதியளித்தது. முதற் குழந்தை என்ற வரம்பு அதில் இல்லை. 2022இல் திருத்தப்பட்ட மாத்ரு வந்தனா விதிகள் இரண்டாவது குழந்தை பெண்ணாயின் ரூ.6,000 வழங்க வகைசெய்தன. இரண்டாவது குழந்தை ஆணாயின் உதவி இல்லை. பிறப்பு வரிசை கூடக் கூட வயதுக்கேற்ற உயரமின்மையும் மிகுவதை ஆய்வுகள் காட்டியுள்ள நிலையில், இவ்விதிவிலக்கின் சுமை அக்குழந்தையின் மீதே விழுகிறது.