மாணவரிடையே இணையவழி வன்சொல்



நான் ஆசிரியப் பணி செய்த நாள்களில், மாணவர் பூசல் பெரும்பாலும் பள்ளி மணி அடித்தவுடன் ஓய்ந்துவிடும். இன்று அது கைப்பேசி வழியே வீட்டிற்குள்ளும் புகுந்துவிட்டது. அரியாங்குப்பத்தில் என்னிடம் மாலையில் பாடம் கேட்க வரும் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வயிற்றுவலி என்று கூறிப் பள்ளி செல்ல மறுத்து வந்தாள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவள் நிறத்தைக் கேலி செய்யும் படங்கள் நாள்தோறும் வந்தன என்பது பின்னரே தெரிந்தது. "பொருட்படுத்தாதே" என்றேன். அது பிழை. அவ்வறிவுரை, துன்பத்தை அவள் தனியே சுமக்குமாறு விட்டுவிட்டது.

கொடுமையின் இலக்கணம்

நார்வே நாட்டு உளவியலறிஞர் டான் ஓல்வேயஸ் மூன்று அடையாளங்களைக் கூறினார்: துன்புறுத்தும் நோக்கம், மீண்டும் மீண்டும் செய்தல், தற்காத்துக்கொள்ள இயலாதவரைத் தாக்குதல். இணையத்தில் ஒருமுறை இட்ட படமும், பலர் பகிர்வதால் பலமுறை செய்த கொடுமையாகிறது.

ஏன் செய்கின்றனர்?

எதிரிலிருப்பவர் கண்ணீர் தெரியாதபோது மனத்தடை தளர்கிறது என்று அமெரிக்க உளவியலறிஞர் ஜான் சூலர் 2004-இல் விளக்கினார். "விளையாட்டுக்குத்தான்", "எல்லோரும்தானே செய்தார்கள்" என்னும் சாக்குகள் மனச்சான்றை உறங்கச் செய்கின்றன என்பது ஆல்பர்ட் பண்டூராவின் கருத்து.

நம் அறநெறி, தீங்கினை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் எனப் பகுத்துரைக்கிறது. படத்தை இடுபவர் செய்பவர், தூண்டுபவர் செய்விப்பவர், சிரிப்புக் குறியிடுபவர் உடன்படுபவர். பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய 'கிவா' பயிற்சியும், வேடிக்கை பார்ப்போரைத் திருத்துவதையே முதன்மையாகக் கொண்டுள்ளது.

வல்லுநர் உதவி

2016 ஜூன் மாதம் சேலம் மாவட்டத்தில், முகநூலில் பொய்யாகத் திரிக்கப்பட்ட படங்கள் வெளியானதால் இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். காவல்துறையில் முறையிட்ட பின்னரும் அவரைக் காக்க இயலவில்லை. ஆகவே காலம் தாழ்த்தலாகாது.

மனநல ஆலோசகர் முதலில் குழந்தையின் சொல்லை நம்பிக் கேட்பார்; "குற்றம் உன்னுடையதன்று" என்று தெளிவிப்பார். இருவரையும் எதிரெதிரே அமர்த்திச் சமாதானம் பேசுவது, நலிந்தவரை மேலும் அச்சுறுத்தும். துன்புறுத்திய பிள்ளைக்கும் தனியே ஆலோசனை வேண்டும். அப்பிள்ளையும் எங்கேனும் இழிவுபட்டிருக்கக்கூடும். உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, வாழ விருப்பமில்லை என்னும் பேச்சு ஆகியவை தோன்றினால் உடனே மனநல மருத்துவரை நாடுக. புதுவை ஜிப்மரில் மனநல மருத்துவத்துறை உள்ளது. 14416 (டெலி-மானஸ்), 1098 (சிறார் உதவி), 1930 (இணையக் குற்றம்) ஆகிய எண்களும் உதவும்.

பெற்றோர் கைப்பேசியைப் பறித்துவிடலாகாது. பறிபோகும் என்னும் அச்சத்தாலேயே பல பிள்ளைகள் வாய்திறப்பதில்லை. வசைச் செய்திகளைச் சான்றாகக் காத்து வையுங்கள். சிறாரின் ஆபாசப் படமாயின் எவருக்கும் அனுப்பாமல் உடனே புகார் செய்யுங்கள். அதனைப் பகிர்வது குற்றமாகும்.

அம்மாணவி ஆலோசகரின் துணையால் மீண்டும் பள்ளி செல்கிறாள். "ஒரே ஒருத்தி மட்டும் குழுவில் 'போதும், நிறுத்துங்கள்' என்று எழுதினாள், டீச்சர். அன்றுதான் எனக்கு உறக்கம் வந்தது" என்றாள்.

சிந்தனைக்கு: அந்த ஒருத்தியாக நம் பிள்ளை இருப்பாளா? இன்றிரவு உணவின்போது கேட்டுப் பாருங்கள்.