புற்றுநோய்க் கட்டியின் மாதிரியும் மருந்துத் தேர்வும்

ஒரே பெயருடைய நோய் இருவரைப் பற்றினும், ஒரே மருந்து இருவருக்கும் பயன்படும் என்பது உறுதியன்று. பெருங்குடலிற் புற்றுற்ற ஒருவருக்குக் கட்டியைச் சுருக்கும் மருந்து, மற்றொருவருக்கு வாந்தியையும் சோர்வையும் மட்டுமே தந்து, கட்டியை இருந்தவாறே விட்டுவிடுதலும் உண்டு. பயனில்லா மருந்திற் கழியும் திங்கள்கள் நோயாளர்க்கு மீளக் கிடைப்பன அல்ல. ஆதலின், மருந்தை நோயாளரிடத்துச் சோதிக்குமுன் அவருடைய கட்டியின் மாதிரியிற் சோதித்தறிதல் கூடுமோ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

2009-ஆம் ஆண்டில், நெதர்லாந்து தேசத்து யூட்ரெக்ட் நகரிலே, ஹான்ஸ் கிளெவர்ஸ், தோஷிரோ சாட்டோ முதலிய அறிஞர், எலியின் குடலினின்றெடுத்த ஒரே மூல உயிரணுவிலிருந்து குடலமைப்பை ஒத்த நுண்ணிய உருவத்தை வளர்த்துக் காட்டினர். இத்தகையது ஆர்கனாய்டு எனப்படும். நாம் அதனைச் சிற்றுறுப்பு என்போம். பின்னர் இம்முறை மனிதருடைய கட்டிகளுக்கும் கையாளப்பட்டது. 2015-இல் பெருங்குடற் புற்றுநோயாளர் 20 பேருடைய கட்டிகளினின்று சிற்றுறுப்புக்கள் வளர்த்துச் சேமிக்கப்பட்டன.

வளர்க்கும் முறை இது: கட்டியின் சிறு துணுக்கை நுண்ணிதாய்ப் பிரித்து, களி போன்ற பசையிற் பதித்து, வளர்ச்சிக்குரிய பொருள்கள் கலந்த ஊட்டநீரை விடுவர். சில வாரங்களில் உயிரணுக்கள் பெருகிச் சிறு உருண்டைகளாகும். அவற்றைப் பல குழிகளிற் பங்கிட்டு, வெவ்வேறு மருந்துகளை வெவ்வேறு அளவில் இட்டு, உயிரோடு எஞ்சுவன எவ்வளவென்று அளப்பர்.

இனி, இதன் தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது? 2018-இல் லண்டன் நகரத்து ஆராய்ச்சியாளர், இரைப்பை, குடல் முதலியவற்றிற் புற்றுற்றோரிடத்து இதனை ஒப்பிட்டு நோக்கினர். சிற்றுறுப்பை அழிக்காத மருந்து நோயாளருக்கும் பயன்படவில்லை என்பது அவர்கள் ஒப்பிட்ட அனைத்திலும் மெய்யாயிற்று; அழித்த மருந்து பயன்படும் என்னும் கணிப்போ நூற்றுக்கு 88 அளவே பலித்தது. 2019-இல் நெதர்லாந்தில் நடந்த ஆராய்ச்சியில், இரினோடிகான் என்னும் மருந்தின் பயனை இம்முறை பெரும்பாலும் முன்னறிவித்தது. ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ந்த கூட்டு மருந்தின் பயனை அறிவிக்க இயலவில்லை. 2021-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், சிற்றுறுப்பு காட்டிய மருந்தையே பெற்ற அறுவருள் ஒருவருக்கும் கட்டி போதிய அளவு சுருங்கவில்லை.

இதற்குக் காரணம் யாது? குழியில் வளரும் சிற்றுறுப்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லை. நோயெதிர்க்கும் அணுக்கள் இல்லை. மருந்தைச் சிதைக்கும் ஈரலும் இல்லை. மேலும், சில துணுக்குகள் வளராமலே போகின்றன. வளர்வனவும் வாரக் கணக்கிற் காலம் கொள்கின்றன.

விதைநெல்லில் ஒரு பிடியை நனைத்துக் கட்டி முளை பார்க்கும் உழவனை நாம் அறிவோம். துணியில் முளையாத விதையை அவன் வயலில் இடான். முளைத்த விதைக்கோ மழையும் மண்ணும் துணைசெய்தல் வேண்டும். சிற்றுறுப்பின் சாட்சியும் அத்தகையதே. எம்மருந்து வேண்டா என்பதை அது ஓரளவு துணிந்து கூறும். எம்மருந்து பிழைப்பிக்கும் என்பதை இன்னும் துணிந்து கூறாது. எனினும், வீண் மருந்தின் துன்பத்தினின்று ஒருவரைக் காத்தலும் சிறிய உதவியன்று என்று நாம் கொள்வோமாக.