வலிக்கும் முன்பே காதைத் திறங்கள்

கேள்வி: தூத்துக்குடியில் மூச்சடக்கி முக்குளிக்கப் பழகுகிறேன். இரண்டு மீட்டர் இறங்கியதுமே காதில் குத்துவலி. மூக்கைப் பிடித்து ஊதினாலும் விடவில்லை. எனக்கு இது வராதோ? - கல்லூரி மாணவர், சிறுமலை

பதில்: நிச்சயம் வரும். சிறுமலையிலிருந்து 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து திண்டுக்கல்லுக்கு இறங்கும்போது காது அடைத்தால் எச்சிலை விழுங்கிச் சரிசெய்கிறீர்களே, கடலிலும் அதே கதைதான். வேகம் மட்டுமே வேறு. மலையில் 1,000 மீட்டர் இறங்கினால் கூடும் அழுத்தம், தண்ணீரில் ஏறக்குறைய ஒரு மீட்டரிலேயே கூடிவிடும்.

வலித்த பிறகு ஊதுவதுதான் சிக்கல். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் அதற்குள் அழுந்தி மூடிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு முக்கினாலும் திறக்காது. தலை முங்கும் முன்பே ஒரு முறை, பிறகு ஒவ்வொரு மீட்டருக்கும் இரண்டு முறையாவது மெதுவாகத் திறங்கள்.

நெஞ்சால் அழுத்த வேண்டாம். மூக்கைப் பிடித்து, தொண்டையை அடைத்து, 'க்' என்று சொல்வதுபோல் நாக்கின் பின்பகுதியை மேலே தள்ளுங்கள். இது ஃப்ரென்செல் முறை. வீட்டில் கண்ணாடி முன் பழகுங்கள்: மூக்கின் பக்கங்கள் உப்ப வேண்டும், வயிறு அசையக் கூடாது.

தலைகீழாகப் பாய்வதைத் தள்ளிப்போடுங்கள். மன்னார் வளைகுடாவில் அந்நாளைய முத்துக்குளிப்போர் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்தே இறங்கினார்கள். நீங்களும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்துக் கால் முதலாக இறங்குங்கள்.

சளி பிடித்த நாளில் கடலுக்கு விடுமுறை. வலித்தால் உடனே மேலே வாருங்கள். தலைசுற்றினாலோ காதில் ரத்தம் வந்தாலோ காது மருத்துவரைப் பாருங்கள். அவசரப்படாமல் பழகுங்கள், காது வழிவிடும்.