வழக்குப் போட எத்தனை நாள் இருக்கிறது?

2022 ஏப்ரல் 19ஆம் திகதி இலங்கையின் ரம்புக்கனையில் எரிபொருள் விலையேற்றத்தை எதிர்த்து ரயில் பாதையை மறித்தவர்கள்மீது பொலிஸார் சுட்டதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். குற்ற வழக்கு எத்தனை வருடமும் இழுபடலாம். காயத்துக்கு நட்டஈடு கேட்கும் சிவில் வழக்குக்கோ கெடு 2 வருடம்தான். அது 2024 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போவதானால் ஒரே மாதம். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதக் கணக்கில் சேராது.

ஆகவே முதல் வேலை, சம்பவம் நடந்த திகதியைக் கொப்பியில் எழுதிவைப்பது. பொலிஸ் முறைப்பாடு கொடுத்தாலும், பேச்சுவார்த்தை நடந்தாலும் கெடு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

அடுத்து, உங்கள் பிரச்சினை எந்த வகை என்று பாருங்கள். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் கெடுவுக்கு அளவுகோல். கடையில் கடனுக்குக் கொடுத்த சாமான், செய்த வேலைக்கான கூலி: 1 வருடம். தோட்டங்களில் அதிகம் தவறவிடுவது இதைத்தான் என்பது என் எண்ணம். ஒரு வருடம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். விபத்து, காயம், சேதம்: 2 வருடம். கைமாற்றாகக் கொடுத்த காசு, வாய்ப்பேச்சு ஒப்பந்தம், வாடகைப் பாக்கி: 3 வருடம். எழுத்து ஒப்பந்தம், புரோநோட்டு: 6. ஈடு: 10.

வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர் இந்தக் கணக்கைப் பார்க்கவே கூடாது. தொழில் நியாய சபைக்கு 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும்.

காணியில் 10 வருடம் பிறர் தடையின்றி, உரிமையாளருக்கு எதிராக இருந்தால் உரிமை கோரலாம். அரச காணிக்கு அந்தப் பத்து வருடக் கணக்கு செல்லாது. தோட்ட லயன் வீட்டில் மூன்று தலைமுறை இருந்தோம் என்பதை மட்டும் நம்பி நீதிமன்றம் ஏறாதீர்கள்.

கடன்காரர் “தந்துவிடுகிறேன்” என்றால் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். அப்போதுதான் கெடு புதிதாகத் தொடங்கும். வெறும் வாய்ச்சொல் போதாது. பகுதிப் பணம் அல்லது வட்டி கொடுத்தாலும் கணக்கு புதிதாகும். அதற்கும் பற்றுச்சீட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சிறு தொகைப் பிணக்கு என்றால் நேராக நீதிமன்றம் போக முடியாது. முதலில் மத்தியஸ்த சபை. இணக்கம் ஏற்படாவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழை வாங்கிக்கொண்டுதான் வழக்கு. அரசுக்கு எதிராகவோ அதிகாரி கடமையில் செய்த செயலுக்கு எதிராகவோ வழக்கிட, எழுத்தில் அறிவித்தல் கொடுத்து ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். கெடுவின் கடைசி மாதத்தில் சட்டத்தரணியைத் தேடுகிறவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

பிரதிவாதி வசிக்கும் இடம், ஒப்பந்தம் நடந்த இடம், பிரச்சினை எழுந்த இடம், காணி உள்ள இடம் இவற்றை வைத்து எந்த நீதிமன்றம் என்று முடிவாகும். கையில் காசில்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போங்கள். வருமானம் குறைந்தவர்களுக்காக அவர்கள் வாதாடுவார்கள். திகதி எழுதிய கொப்பியையும் பற்றுச்சீட்டுகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள்.